அம்மா பெயருக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் பதிப்பகத்தில் பெண்களுக்கு மொத்தம் பத்தொன்பது அர்த்தங்கள். அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் எங்கள் முதலாளி புலவர் அவற்றைத் தட்டச்சு செய்து ஒட்டி வைத்திருக்கிறார். மலர், ஒளி, விளக்கு, தென்றல், பொறுமை, இனிய குரல் என்று போகும். பக்கத்துக் கதவில் ஆண்களுக்கு நாற்பத்திரண்டு. மலை, வாள், வெற்றி, அரசு. எந்தப் பெண்ணின் பெயர் வந்தாலும் முதல் கதவைத் திறந்து, அந்த மாதம் அதிகம் செலவாகாத அர்த்தமாகப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். 'தென்றல் இருபது பேருக்குப் போய்விட்டது, இனி நிறுத்தவும்' என்று சென்ற மாதம் என் மேசையில் குறிப்பு எழுதி வைத்தார். மளிகைக் கடைக்காரன்கூடச் சரக்கை இவ்வளவு அக்கறையாகப் பார்க்க மாட்டான்.

இதற்குப் பெயர் ஆராய்ச்சி. இதில் விளைந்த புத்தகத்துக்குப் பெயர் 'பெண் பெயர்க் களஞ்சியம்: தோற்றம், பொருள், மாற்று வடிவங்கள்'. ஐந்து பதிப்பு விற்றுத் தீர்ந்துவிட்டது. பிள்ளை பெறப்போகிற வீடுகளில் மருந்துச் சீட்டுக்குப் பக்கத்தில் இந்தப் புத்தகம் கிடக்கிறது. படித்தவர்களும் வாங்குகிறார்கள். படித்தவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள்.

புலவர் என்கிற பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. முதல் பதிப்பின் அட்டை அச்சுக்குப் போகும்போது தன் பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறதே என்று அவரே போட்டுக்கொண்டார். பக்கம் அமைக்கிற அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா பதினாறு வருடமாக அங்கே இருக்கிறாள். புத்தகத்தை எழுத்தெழுத்தாக அடித்தவள் அவள்தான். தன் மகளுக்குப் பெயர் வைக்கும்போது அதை ஒரு தடவைகூடப் புரட்டவில்லை.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கூப்பன் உண்டு. 'உங்கள் பெயர் இதில் இல்லையா? எங்களுக்கு எழுதுங்கள்.' வெட்டி, நிரப்பி, தபாலில் போட்டால், தடித்த தாளில் கொடிப்பூ ஓரம் போட்ட பெயர்ச் சான்றிதழ் வீடு தேடி வரும். தோற்றம், பொருள், மாற்று வடிவங்கள் என்று மூன்று பகுதி. கீழே சிவப்பு முத்திரை, புலவரின் கையெழுத்து. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்களாம். கூப்பன்களைப் பிரித்து, அர்த்தம் போட்டு, முத்திரை குத்துவது என் வேலை. இதற்குத்தான் நான் மொழி படித்து எம்.ஏ. வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

சேர்ந்த நாளிலிருந்து புலவருக்கு என் பட்டத்தின் மேல் ஒரு கண். ஆறாம் பதிப்பின் உள்பக்கத்தில் 'ஆய்வு' என்று போட்டு என் பெயரையும் எம்.ஏ.வையும் அச்சிட வேண்டும் என்று மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொய்க்கு என் பட்டம் எதுக்கு சார்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"பொய்யாம்மா இது? நம்பிக்கைம்மா. ஒரு தாய் நம்பி வைக்கிறா இல்ல?"

"நம்பி வைக்கிறதாலதான் சார் பொய்ங்கிறேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொய் சொல்கிறவர்களுக்குக் கோபம் அவ்வளவு சீக்கிரம் வராது, நான் கவனித்திருக்கிறேன். "வாய் இருக்கு, பொழச்சுக்குவ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் கூப்பன் ஒரு புதன்கிழமை வந்தது. கையெழுத்து யாரோ எழுதிப் பழகிய குமாஸ்தாவினுடையது. விலாசம் எங்கள் வீட்டினுடையது. பெயர் என்ற இடத்தில் 'போதும்' என்றிருந்தது.

அது என் அம்மாவின் பெயர்.

நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதாகப் பிறந்தவள் அம்மா. முதல் நான்கு பேருக்கும் பூ, பொன் என்று தேடித் தேடிப் பெயர் வைத்த தாத்தாவுக்கு ஐந்தாவதுக்கு வரும்போது சலித்துவிட்டது. மனதில் பட்டதை அப்படியே பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடமே மாமா பிறந்தார். அவருக்கு மூச்சு வாங்காமல் சொல்ல முடியாத அளவுக்கு நீளமாகப் பெயர் வைத்தார்கள். குடும்பம் கூடுகிற இடத்திலெல்லாம் மாமா இதைச் சொல்லிச் சிரிப்பார். "அக்கா பேரோட ராசி, நான் வந்தேன்." அவர் வந்து என்ன கிழித்தார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அம்மா முப்பது வருடமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். ஐந்தாம் நம்பர் இயந்திரம் அவளுடையது. அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் 'அஞ்சு'. வீட்டில் அம்மா, தெருவில் அக்கா. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

"என்னம்மா, ஒரு கூப்பனையே இவ்ளோ நேரம் பாக்குற?" புலவர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

விலாசத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மூக்கால் சிரித்தார்.

"இதெல்லாம் ஒரு பேராம்மா? சலிச்சுப் போய்ச் சொன்னத எழுதி வச்சிருக்காங்க. 'பரிசீலிக்க இயலவில்லை'ன்னு ஒரு கார்டு போட்டு விட்ரு."

"போன வாரம் ஒருத்தர் நாய்க்குட்டி பேருக்குக் கேட்டாரு. அதுக்கே 'அரண்மனையில் வளர்ந்தவள்'னு எழுதிக் குடுத்தீங்களே சார்."

"அது அழகான பேரும்மா. இதுக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு சட்டம் போட்டு மாட்டுவாங்க, கீழ என் கையெழுத்து தொங்கும். நமக்குன்னு ஒரு தரம் இருக்கில்ல."

ஊரையே ஏமாற்றுகிற மனிதருக்கு ஒரே ஒரு பெயரில் மட்டும் தரம் வந்துவிட்டது. நாய்க்குட்டிக்குக் கிடைத்த அரண்மனை என் அம்மாவுக்குக் கிடையாது.

அவர் மேல் வந்த கோபத்தில் பாதி அம்மா மேலும் வந்தது. ஒரே வீட்டில், ஒரே அறையில் படுக்கிறோம். பெயரின் பொருளைக் கேட்பதற்குத் தபால் எதற்கு? அவ்வளவு படிக்க வைத்த மகளிடம் கேட்கத் தோன்றாமல், இந்த ஆளிடம் கேட்டிருக்கிறாள்.

வேலை முடிந்ததும் நேராகப் பொது நூலகத்துக்குப் போனேன். பெயர்களைப் பற்றி ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் எழுதிய தடித்த புத்தகங்கள் நான்கு கிடைத்தன. நூலகம் மூடுகிறவரை உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். மறுநாள் பதிப்பகத்தில், புலவர் டீ குடிக்கப் போன நேரத்தில், ஒரு வெற்றுச் சான்றிதழை எடுத்து நானே எழுதினேன்.

'தோற்றம்: வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் பெற்றவருக்கு வந்த சலிப்பு. பொருள்: இனிப் பெண் வேண்டாம். மாற்று வடிவங்கள்: துருக்கி மொழியில் யெத்தெர், அதற்கும் போதும் என்றே பொருள். அதே மொழியில் தொந்தூ, அடுத்தது ஆணாகத் திரும்பட்டும் என்று வைப்பது. அஸர்பைஜான் மொழியில் பஸ்தி, கிஃபாயத், இரண்டுக்கும் போதும் என்றே பொருள். மராத்தியில் நகோஷி, வேண்டாதவள். சீனத்தில் ஜாவ்தி, தம்பியைக் கூட்டிக்கொண்டு வா.'

வேறு எதிலும் ஒத்துப்போகாத மனிதர்கள் இதில் மட்டும் எவ்வளவு ஒற்றுமையாக இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே முத்திரையை ஓங்கிக் குத்தினேன். மேசை ஆடியது. அக்கா திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தாளை நீட்டிவிட்டேன். வெளுப்புத் தூள் வாசனையோடு அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு. முடிக்க நேரமானது.

"இதுக்கா இவ்ளோ மொத்தமான தாளு?" என்றாள்.

"அத்தனையும் உண்மைம்மா. நூலகத்துல தேடி எடுத்தேன்."

"இது எனக்கு நாலு வயசுலயே தெரியும்டி. இதத் தெரிஞ்சுக்கவா தபால் போட்டேன்?"

"பின்ன எதுக்குப் போட்ட? என்கிட்டக் கேக்க வேண்டியதுதானே."

"உன்கிட்டக் கேட்டா உண்மையச் சொல்லித் தொலைப்ப. அதான் அந்த ஆளுக்குப் போட்டேன்."

"அந்த ஆளு ஃபிராடும்மா."

"தெரியும். நீதான் தெனம் வந்து சொல்றியே. அதனாலதான் போட்டேன்."

அம்மா செருப்பைக் கழற்றி மூலையில் தள்ளினாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவளை மேற்பார்வைக்கு உயர்த்தியிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமையிலிருந்து ஐந்தாம் நம்பர் இயந்திரம் இல்லை. தனி மேசை, கீழே முப்பத்தெட்டுப் பெண்கள். மேற்பார்வையாளர்கள் எல்லோரும் பதிவேட்டில் உள்ளபடி முழுப் பெயரை எழுதிய பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும்.

"நான் ஒருத்தியப் பாத்து, இந்தப் போர்வைய மறுபடி அலசுன்னு சொல்லுவேன். அவ பேட்ஜப் பாப்பா. பக்கத்துல இருக்கிறவளப் பாப்பா. ரெண்டு பேரும் சிரிப்பாளுங்க. அப்புறம் எங்க அலச வைக்கிறது?"

"பேர மாத்திக்கலாம்மா. அதுக்கு வழி இருக்கு, நான் எழுதித் தர்றேன்."

"முப்பது வருஷக் காயிதம் பூரா இந்தப் பேர்லதான் இருக்கு. ஒண்ண மாத்தினா எல்லாத்துக்கும் அலையணும். பேரு இருக்கட்டும். மேசைக்குப் பின்னாடி மாட்ட ஒரு தாளு வேணும், அவ்ளோதான். சிரிக்கிறவ திரும்பி அதப் படிக்கணும்."

"அதுல பொய் இருந்தாலும் பரவாயில்லையா?"

"என் கவர நீ எதுக்குடி பிரிச்ச?"

"பிரிக்கிறதுதான் என் வேலை."

"அப்ப உன் வேலையப் பாரு."

எழுந்து முகம் கழுவப் போனாள். பாதியில் நின்று கேட்டாள். "அந்தத் துருக்கிக்காரி என்ன பண்றாளாம்?"

"யாரு?"

"என் பேருக்காரி."

"தெரியாதும்மா. பேரு மட்டும்தான் போட்டிருந்துச்சு."

"பாரு. உங்க நல்ல புஸ்தகத்துலயும் அவ்ளோதான் இருக்கு."

இரவெல்லாம் அவளோடு மனதுக்குள் சண்டை போட்டேன். எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன். காலையில் எழுந்தபோது ஜெயித்ததில் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை. திங்கட்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

நானே பொய் எழுதிவிடலாம் என்று வெள்ளிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். முடியவில்லை. 'மிகப் பழமையான' என்று எழுதியதும் பேனா நின்றது. என் பொய்கள் எல்லாம் பரீட்சை விடை மாதிரி இருந்தன. பொய் சொல்வதற்கும் ஒரு வரம் வேண்டும்போல. நான் மூன்று மாதமாகக் கேவலமாகப் பேசி வந்த மனிதரிடம் அது கொட்டிக் கிடந்தது. அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், புதன்கிழமை வந்த அந்தக் கூப்பனுக்கு ஒரு சான்றிதழ் எழுதணும்."

"அதான் வேண்டாம்னு சொன்னேனே."

"எங்க அம்மா சார் அது."

அக்காவின் விசைப்பலகைச் சத்தம் நின்றது. புலவர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எனக்கு வசதி, சொல்வதற்கு நான்கு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்தபடி யோசித்தார். அது இரக்கமாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் ஏமாந்தேன்.

"ஆறாம் பதிப்பு அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது" என்றார்.

"ஆமா சார்."

"உள்பக்கத்துல ஒரு வரி காலியாவே இருக்கு."

புரிந்துவிட்டது. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவனுக்காவது கொஞ்சம் கூச்சம் இருக்கும். கொஞ்சம் நேரம் கேட்டுவிட்டு அக்காவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"குடுத்துட்டு வாடி" என்றாள் அக்கா, திரையைப் பார்த்தபடியே. "அந்த வரிய யாரு படிக்கப்போறா? பதினாறு வருஷமா நான்தான் அடிக்கிறேன், நானே படிச்சதில்ல."

"என் பட்டம்க்கா."

"உன் பட்டமா? யாரு துவைச்சதுல வந்தது அது?"

அக்காவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. ஆஸ்பத்திரியின் அழுக்கு விரிப்புகளை இயந்திரத்துக்குள் தள்ளித் தள்ளித்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். ஐந்து வருடத் தேர்வு, ஐந்து வருட விடுதிக் கட்டணம், எத்தனை ஆயிரம் போர்வை என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பட்டத்தை எங்கே செலவழிப்பது என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. அவள் சொல்லிவிட்டாள், என் பட்டம்தான் விலை என்று தெரியாமலே. புலவர் நீட்டிய தாளில், 'ஆய்வு' என்ற சொல்லுக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன். என்னைப் பற்றி அப்போது என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதினால் அச்சில் ஏற்ற முடியாது.

"சரி, எழுதிக்கோ" என்று புலவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். "பொறுமை போட்டுடலாமா?"

"பொறுமை வேண்டாம் சார்."

"விளக்கு?"

"அந்தக் கதவே வேண்டாம் சார். பக்கத்துக் கதவத் திறங்க."

"அது ஆம்பளைங்களுக்கும்மா."

"தெரியும் சார். என் கையெழுத்துக்கு அந்த விலையாவது வேணும்."

பக்கத்துக் கதவையும் திறந்து பார்த்தார். பிறகு இரண்டு கதவையும் சாத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். சரக்குத் தீர்ந்துபோன நேரத்தில்தான் அந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரிந்தது.

'தோற்றம்: இரண்டு அரசர்களுக்கிடையே பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த பெரும்போர். இனி இழப்பதற்கு எந்த வீட்டிலும் ஆள் இல்லை என்ற நிலையில், ஒரு பெண் களத்தின் நடுவே வந்து நின்று ஒரே ஒரு சொல் சொன்னாள். இரு பக்கமும் வாள்கள் உறைக்குள் போயின. அந்தச் சொல்லே அவளுக்குப் பெயரானது. அவள் வழிவந்தவர்களில் துணிந்தவளுக்கு மட்டுமே பின்னர் அது சூட்டப்பட்டது. பொருள்: போரை நிறுத்தியவள்.'

"எந்த அரசர்கள் சார்?"

"எழுதும்மா. அவங்க வந்து கேக்கவா போறாங்க?"

"பன்னிரண்டு வருஷம் ஜாஸ்தி இல்லையா?"

"கம்மியா இருந்தா மதிப்பில்ல. மாற்று வடிவங்கள் என்ன போடலாம்?"

"அது என்கிட்ட இருக்கு சார்" என்று யெத்தெர், தொந்தூ, பஸ்தி, கிஃபாயத், நகோஷி, ஜாவ்தி என்று படித்தேன். அவற்றின் பொருளைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அட, வெளிநாட்டுலயெல்லாம் இருக்கா? கேக்கவே கம்பீரமா இருக்கே. போடு, போடு."

அந்தத் தாளில் உண்மை என்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

அம்மா அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை உதட்டை அசைக்காமல் படித்தாள்.

"போர நிறுத்துனவளா?" என்றாள். "உங்க மாமன் தின்ன தட்ட எடுத்துக் கழுவிப் போட வைக்க முடியல என்னால."

"பிடிக்கலையா?"

"யாருடி சொன்னது? நல்லா எழுதியிருக்காரு அந்த ஆளு. உனக்கு இப்படி வராது."

வராதுதான். அதற்கு நான் என்ன கொடுத்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஒரு கையெழுத்துதானே என்றிருப்பாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து அவள் வருவதற்கு முன்பே வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வந்தவள் பேட்ஜைக் கழற்றாமலே தண்ணீர் குடித்தாள்.

"சிரிச்சாளுங்களா?"

"ரெண்டு பேரு சிரிச்சாளுங்க. பின்னாடி இருந்த தாளக் காட்டினேன். ஒருத்தி சத்தமாப் படிச்சா. அப்புறம் எல்லாருமே சிரிச்சாளுங்க."

"ஐயோ."

"என்ன ஐயோ? அது வேற சிரிப்பு."

"வேற சிரிப்புன்னா?"

"உனக்குப் புரியாது, நீ படிச்சவ. போர்வைய மறுபடி அலசுன்னேன். அலசினா."

பத்து நாள் கழித்து, ஆறாம் பதிப்பு கட்டுக் கட்டாக வந்து இறங்கிய அதே காலையில், தபாலில் ஏழு கூப்பன்கள் ஒன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே குமாஸ்தாவின் கையெழுத்து, ஒரே விலாசம்: ஆஸ்பத்திரி, சலவைப் பிரிவு. வேண்டாம். கடைசி. மறுபடி. இன்னொரு வேண்டாம். அம்மாவின் பெயரிலேயே இரண்டு பேர். ஏழாவது பெயர் எனக்குத் தெரியாத மொழியில் இருந்தது, பக்கத்தில் அதன் பொருளைக் குமாஸ்தா அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தான்: 'அடுத்ததாவது'. அந்தக் கூப்பனின் அடியில் மட்டும் வேறொரு கை, பென்சிலால், கோணல் கோணலாக எழுதியிருந்தது.

'நிஜமான அர்த்தம் எங்களுக்குத் தெரியும். அதை எழுத வேண்டாம். சண்டை இருந்தால் நல்லது.'

புலவரிடம் காட்டினேன். தரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாய் கொள்ளாமல் சிரித்தபடி ஏழையும் எண்ணிப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுதிடும்மா. எனக்கு இன்னிக்கு கடைக்காரங்களப் பாக்கணும்."

"எனக்குப் பொய் வராது சார்."

"உள்பக்கத்துல உன் பேரு போட்டாச்சில்ல. இனிமே வரும்."

அவர் போன பிறகு முதல் கூப்பனை எடுத்தேன். பெயர், வேண்டாம். வயது முப்பத்தொன்று. இஸ்திரி மேசை. கடலோரத்தில் ஒரு கோட்டை என்று எழுதினேன். அடித்தேன். மலை மேல் ஒரு கோட்டை என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்து, "கடலே இருக்கட்டும்டி, தப்பிக்க வசதி" என்றாள். கடலையே போட்டேன். கோட்டைக்குள் முப்பத்தொரு வயதில் ஒருத்தியை நிறுத்தினேன். வாசலில் வந்து நிற்கிற படைக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பது ஊருக்கே தெரியும். ஏன் அதைக் கேட்டுப் படை திரும்பிப் போனது என்பதுதான் மத்தியானம்வரை எனக்குப் பிடிபடவில்லை.